நீரில் விழுந்த நிழல்

1988ஆம் ஆண்டில் நான் நீலகிரியிலுள்ள பள்ளியொன்றில் தமிழாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பிப்ரவரித் திங்களில் ஒரு நாள் திருக்குறளில் 'காலமறிதல்' என்னும் அதிகாரத்தைப் பாடம் நடத்தினேன். தக்க காலம் வரும்வரை அடங்கியிருத்தற்குக் கொக்கை உவமை காட்டும் குறளுக்குப் பொருள் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று சினந்து அவனை அமரச் செய்தேன். அதன்பின் அவன் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சினான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அண்டை வீட்டுப் பெரியவர் உரிமச் சீட்டுப் பெற்று, அவலாஞ்சியருகே ஓர் ஓடைக்கு மீன் பிடிக்கப் புறப்பட்டார். மீன்பிடி பருவம் அப்பொழுதுதான் தொடங்கியிருந்தது. "ஓடையைக் காணவாவது வாருங்கள், தம்பி" என்று அவர் அழைக்கவே, ஊன் உண்ணாத நானும் உடன் சென்றேன்.

அவர் நாடிச் சென்றது டிரவுட் என்னும் மீன். அது நம் நாட்டு மீன் அன்று. குளிர்ந்த தூய நீரிலன்றி அது வாழாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் டே என்பார் அதனை நீலகிரியில் வளர்க்கச் செய்த முயற்சிகள் நிலைக்கவில்லை. பின்னர் வில்சன் என்பார் முயன்று, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் இவ்வாறு நம் மலையோடைகளில் நிலைபெற்றது. இவற்றையெல்லாம் பெரியவர் வழிநெடுகக் கூறிவந்தார்.

புல்வெளியில் உறைபனி இன்னும் உருகவில்லை. சோலையோரத்தில் காட்டுப் பூவரசு செம்மலர்களைத் தாங்கி நின்றது. மழையற்ற காலமாதலால் ஓடைநீர் குறைந்து, பளிங்குபோல் தெளிந்திருந்தது. பெரியவர் தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கவில்லை. இறகும் நூலும் கொண்டு ஈயைப்போல் கட்டிய பொய்ப்பூச்சியை முடிந்தார். அதற்கு எடையே இல்லை. தூண்டிற்கயிற்றின் எடையே அதனைச் சுமந்து சென்று நீர்மேல் மெல்ல இறக்கும். மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்குமாதலால், அவர் அதன் பின்புறமாக, கீழ்ப்பக்கத்திலிருந்து ஓசையின்றி அணுகினார்.

அதனைக் காணும் ஆவலால் நான் கரையோரம் சென்று எட்டிப் பார்த்தேன். நீருள் ஒரு மின்னல், மீன் மறைந்தது.

"தம்பி, மீன் எங்கும் போய்விடவில்லை. உங்கள் நிழலுக்கு அஞ்சிக் கல்லடியில் ஒளிந்திருக்கிறது. பின்னால் வந்து அமருங்கள், அச்சம் தெளிந்தால் தானே வரும்" என்றார் அவர். அவர் குரலில் சினம் சிறிதும் இல்லை.

அரைமணி நேரம் காத்திருந்தோம். மீன் மீண்டும் வந்தது, பொய்ப்பூச்சியைக் கவ்வியது. அந்நொடியே பெரியவர் கோலை உயர்த்தினார். அகப்பட்டது ஒரு சாண் அளவினது. "இது வளர வேண்டிய பிள்ளை" என்று கூறி, கையை நனைத்துக்கொண்டு முள்ளை மெல்ல அகற்றினார். வலிமை திரும்பும்வரை அதனை நீரோட்டத்தில் தாங்கியிருந்து விடுவித்தார். வேறு மீன் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். பெரியவர் முகத்தில் குறையொன்றும் இல்லை. என் நெஞ்சில்தான் அந்த மாணவன் நின்றான்.

மறுநாள் அதே வினாவை அவனிடம் கேட்டேன். அவனருகே சென்று நிற்கவில்லை; என் இருக்கையில் அமர்ந்து காத்திருந்தேன். வகுப்பு அமைதியாயிற்று. நெடுநேரம் கழித்து அவன் கூறினான்: "கொக்கு சும்மா நிற்கவில்லை, ஐயா; பார்த்துக்கொண்டே நிற்கிறது."

அவ்வுரையை ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் வகுப்பில் கூறிவந்தேன். கூறுமுன் என் நிழல் எம்மாணவன்மேல் விழுகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.