கோடிட்ட இடங்கள்

எங்கள் ஊரின் பெயரை அச்சில் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் சற்றுக் குழம்புவதுண்டு. ஓரிடத்தில் வேப்பனப்பள்ளி என்றிருக்கும். சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் வேப்பனஹள்ளி என்றிருக்கும். கர்நாடக எல்லையும் ஆந்திர எல்லையும் அருகருகே வந்து நிற்கும் ஊரில் இது யாரையும் உறுத்துவதில்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்களுக்கு, ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் உண்டு என்ற பிடிவாதம் கிடையாது. அந்தப் பிடிவாதம் கணினிக்கு உண்டு. இணையவழியே ஓர் அச்சு வேலை கொடுக்கப் போனபோது அதை நேரில் கண்டோம்.

நாங்கள் என்பது, மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் நால்வர். எங்களுள் ஒருவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறார். இணையத்தில் அச்சு வேலை கொடுப்பது அவருக்கு அன்றாடம். கடையில் பொருள் வாங்குவதுபோல அங்கே அச்சையும் வகை பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று அவர்தான் விளக்கினார். இயந்திரத்தோடு தரும் கையேடு எல்லாருக்கும் ஒன்றே. அது மாறா ஆவணம். கோப்பை ஏற்றினால் அப்படியே அச்சிடுவார்கள். முகவரி அட்டை வேறு வகை. வடிவம் நிலையாக இருக்கும், பெயரும் பதவியும் தொலைபேசி எண்ணும் ஆளுக்கு ஆள் மாறும். உதிரிபாகத்தில் ஒட்டும் வரிசை எண் சீட்டும் இதே குடும்பம். ஆனால் அங்கே யாரும் படிவம் நிரப்புவதில்லை, ஒரு பட்டியலைக் கொடுத்தால் இயந்திரமே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். முன்பே அச்சிட்டுக் கிடங்கில் அடுக்கிய கடிதத்தாள் இருப்புச் சரக்கு. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் முகவருக்கு அனுப்பினால் அது தொகுப்பு. வகை மாறினால் விலைக் கணக்கும் மாறுகிறது. ஆஃப்செட்டில் தகடு செய்யும் செலவு முதலிலேயே விழுந்துவிடுவதால் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டும். 1993-இல் இண்டிகோவும் ஜைகானும் வண்ண இலக்கமுறை அச்சு இயந்திரங்களைக் கொண்டுவந்தபோது தகடு தேவையற்றுப் போயிற்று. ஒவ்வொரு தாளும் வேறாக இருக்கலாம் என்றாயிற்று.

யோசித்தால் இது அத்தனை புதிதுமன்று. மைன்ஸ் நகரில் 1454-இல் அச்சான பாவமன்னிப்புச் சீட்டுகளில், வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் வெற்றிடம் விட்டிருந்தார்கள். பேனாவால் நிரப்பிக் கொடுத்தார்கள். நம் சிவகாசி இன்னும் ஒரு படி மேலே போனது. பொன்னிறப் பிள்ளையாரோடு கூடிய திருமண அட்டை, மணமக்கள் யாரென்று தெரிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கடைகளுக்கு வந்துவிடும். உட்பக்கம் வெற்றுத்தாள், உள்ளூர் அச்சகம் அதை நிரப்பும். இருப்புச் சரக்கும் மாறும் ஆவணமும் ஒட்டிப் பிறந்த பண்டம் அது. ஒரு வேற்றுமை உண்டு. உள்ளூர் அச்சுக்கோப்பாளர் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

சென்ற ஆண்டு எங்களுள் ஒருவருடைய அண்ணன் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பெண் பெங்களூருவில் வேலை பார்ப்பவள். அட்டையை ஓர் இணையதளத்தில் தேர்ந்தெடுத்தாள். வடிவம் அழகாகத்தான் இருந்தது. நிரப்ப வேண்டிய கட்டங்களில்தான் தொல்லை. குடும்பப்பெயர் கட்டாயம் என்றது. தலைப்பெழுத்தோடு வாழும் நாம் குடும்பப்பெயருக்கு எங்கே போவது? தந்தை பெயரையே போட்டால் மணமகள் பெயரும் தந்தை பெயரும் இரட்டையர்போல் அடுத்தடுத்து நின்றன. முன்தோற்றத்தில் கொம்புகள் எழுத்துக்கு வலப்புறம் தாவியிருந்தன. ஒருங்குறியில் ‘கெ’ என்பதைக் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகத்தான் சேமிக்கிறார்கள். காட்டும்போது கொம்பை இடப்புறம் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. தமிழ் 1991-இலிருந்தே ஒருங்குறியில் இருக்கிறது; ஆனாலும் சில அச்சுக் கோப்புகளில் அந்த ஒரு வேலை இன்றும் விட்டுப்போகிறது.

இவற்றைக்கூடப் பொறுத்திருப்போம். பெண்ணின் தாய் அவள் சிறுமியாக இருந்தபோதே காலமானவர். தாய் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆனால் அதில் எழுதினால் அவரும் சேர்ந்து ‘அன்புடன் அழைக்கிறார்’. அடைப்புக்குறிக்குள் ‘லேட்’ என்று போடலாமென்றால் அடைப்புக்குறியைக் கட்டம் ஏற்கவில்லை. காலியாக விட்டுப் பார்த்தோம். இத்தகைய ஆவணங்களில் ஒரு விதி எழுதி வைத்திருப்பார்கள்: கட்டம் காலியென்றால் அந்த வரியை நீக்கிக் கீழே உள்ளதை மேலே ஏற்று. இடைவெளி தெரியாமலிருப்பதே அதன் சிறப்பு. வரி போயிற்று, தந்தை மட்டும் நடுவில் நின்றார். திரையை வெகுநேரம் பார்த்திருந்த அண்ணன் தம்பியிடம் கேட்டார்: “ஏம்ப்பா, அவ செத்துப்போனா, சரி. இருந்ததே இல்லையா?”

அந்த விதியை எழுதியவர்மேல் குற்றமில்லை. மின்கட்டண ரசீதில் முகவரியின் மூன்றாம் வரி இல்லாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் எது எல்லாருக்கும் பொது, எது மாறலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர் நம் வீடுகளைப் பார்த்ததில்லை. 2011-இல் ஆஸ்திரேலியாவில் கோகோ கோலா 150 பெயர்களைப் புட்டிகளில் அச்சிட்டு விற்றது. அங்கேயும் பெயர்கள் மாறின. பட்டியலில் இல்லாதவருக்குத் தம் பெயரிட்ட புட்டி கடைத்தட்டில் இல்லை.

ஓசூர் நண்பர் வழி சொன்னார்: படிவ வகையை விட்டுவிட்டு, கோப்பை ஏற்றும் வகைக்குப் போங்கள். ஒரு வீட்டின் மிக அந்தரங்கமான ஆவணம், இயந்திரக் கையேட்டோடு சேர்ந்து மாறா ஆவண வரிசையில் நின்றது. கிருஷ்ணகிரியில் பழைய அச்சகம் ஒன்றில் ஒரு பெரியவர் இன்னமும் பேஜ்மேக்கரில்தான் கோக்கிறார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. உறவினர் வரிசையில் யார் முன், யார் பின் என்ற வழக்கில் ஒரு பகல் போயிற்று. பிறகு அவர் நிமிர்ந்து, “அம்மா பேருக்கு லேட் போடவா, தெய்வத்திரு போடவா?” என்றார்.

“ஒண்ணும் வேணாங்க. ஊருக்கே தெரியும். பேர் மட்டும் இருக்கட்டும்” என்றார் அண்ணன்.

இந்த முறைகளின்மேல் எங்களுக்குப் பகையில்லை. ஆயிரம் பிரதி அடித்துப் பரணில் அடுக்கிவைத்த கவிஞர்களை நாங்கள் அறிவோம். இன்று ஐம்பது பிரதி போதுமென்று அச்சிட முடிவது சிற்றிதழ் உலகுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. கவிதைத் தொகுப்பில் நிரப்பக் கட்டங்கள் இல்லை என்பதும் வசதிதான்.

அட்டைகள் வந்தபின், உறைகளில் விருந்தினர் பெயர்களையும் அச்சிட்டுவிடலாமே, பட்டியலை அட்டவணையாகக் கொடுங்கள் என்றார் ஓசூர் நண்பர். கொடுத்தார்கள். ‘பெயர்’ என்ற பத்தியில் பாதிக்குமேல் ‘மேல்வீட்டு மாமா’, ‘கே.ஜி.எஃப். சித்தி’, ‘பால்கார அண்ணன் வகையறா’ என்றே இருந்தது. அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, ஒரு பேனாவும் குழைத்த மஞ்சளும் கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.