மிளகு வாங்க வந்தவர்

அப்பா போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையொன்றில் கணக்கெழுதினார். மிளகு விவகாரமாகக் கொச்சிக்குப் போகையில், பள்ளி விடுமுறையாக இருந்தால் என்னையும் கூட்டிப்போவார். போடிமெட்டு வளைவுகளில் புரட்டிய வயிறு எர்ணாகுளத்தில் படகேறியதும் சரியாகிவிடும். மட்டாஞ்சேரித் தெருவெல்லாம் மிளகும் சுக்கும் சணல் சாக்கும் கலந்த நெடி. மிளகுச் சந்தைக் கூடத்தில் தரகர்கள் தொண்டை கிழியக் கத்தி விலை பேசுவார்கள். சண்டை என்று நினைத்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொள்வேன். அவரோ நாலு மிளகை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்ததும் ஃபோர்ட் கொச்சி. சீனவலைகளை வேடிக்கை பார்த்துவிட்டு, புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் போவோம். பெஞ்சுகளுக்கு மேலே நீளத் துணிப் பங்காக்கள் தொங்கும். ஒருகாலத்தில் ஆட்கள் சுவருக்கு வெளியே நின்று கயிறிழுத்து அவற்றை அசைத்தார்களாம்.

தரையில் ஒரு கல், சுற்றிலும் கம்பி. வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம். மூன்றாம் முறை, வைஸ்ராயாக வந்தவர், 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியிலேயே இறந்துபோனார். 1539-இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது லிஸ்பனில், ஜெரோனிமோஸ் மடாலயத்தில் அவருக்குப் பெரிய கல்லறை இருக்கிறது. ஆளே இல்லாத குழியை எதற்குப் பார்க்கிறோம் என்று கேட்டேன்.

“இந்தாளும் மிளகு வாங்கத்தாண்டா வந்தான். நாம பஸ்ல வந்தோம், அவன் கப்பல்ல வந்தான்.”

அந்த மிளகு வணிகத்தைத் துப்பாக்கி முனையில் பிடிக்கப் பார்த்ததையும், 1502-இல் ஹஜ் பயணிகளோடு ஒரு கப்பலையே எரித்ததையும் பின்னால்தான் படித்தேன். இருந்தும் காமா என்றால் முதலில் நினைவுக்கு வருவது அப்பாவின் அந்தக் கணக்குதான்.

அப்பா இப்போது இல்லை. கத்திப் பேசிய விலை கணினித் திரைக்குப் போனது. கிடங்குகள் பல பழம்பொருள் கடைகளாயின. மிளகு நெடி இருந்த இடத்தில் காப்பி மணக்கிறது. தேவாலயத்தில் மட்டும் கூட்டம் குறையவில்லை, காலிக் குழியைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். பதினைந்து வருஷம்கூட முழுதாக இங்கே கிடக்காதவருக்கு ஐந்நூறு வருஷமாக இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஆயுள் முழுக்க அங்கே மூட்டை சுமந்தவர்களுக்கும், சாக்குத் தைத்தவர்களுக்கும், பங்கா இழுத்தவர்களுக்கும் ஒரு சாண் கல் நட்டிருக்கலாம்.