மருந்தும் ஓர் அமானிதமே

ஐப்பசி மழை இறங்கியதும் தஞ்சைச் சீமையில் சம்பா வயல்கள் நிரம்புகின்றன. அய்யம்பேட்டையிலும் ராஜகிரியிலும் உள்ள நம் வீடுகளில் காய்ச்சலும் இருமலும் நுழைகின்றன. அப்போது ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். மூத்த பிள்ளைக்கு மருத்துவர் எழுதித் தந்த மருந்து, காய்ச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்தப்படுகிறது. மீதம் அடுத்த மாதம் இளைய பிள்ளைக்குக் கொடுக்கப்படுகிறது. இது சிக்கனமாகத் தோன்றலாம், ஆனால் ஆபத்தானது.

இன்ஃப்ளுயன்சா வைரஸுக்கு எதிரான மருந்துகள் மிகச் சிலவே. முன்பு பயன்பட்ட அமாண்டடின், வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டதால் இந்நோய்க்குக் கைவிடப்பட்டது. இன்று நாம் பெரிதும் நம்பியிருப்பது, 2009 பன்றிக்காய்ச்சலின்போது ‘டாமிஃப்ளூ’ என்ற பெயரால் அறிந்த ஒசெல்டாமிவிர். ஜப்பானில் அம்மருந்து உட்கொண்ட 50 குழந்தைகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில், 9 பேரிடம் அதற்கு அடங்காத வைரஸ் காணப்பட்டது. இந்நோயை முன்பு சந்தித்திராத சிறு உடலில் வைரஸ் மிகுதியாகவும் நீண்ட நாட்களும் பெருகுகிறது. ஆகவே அது மாறும் வாய்ப்பும் கூடுகிறது. மருந்தின் அளவு குறைந்தால், அதைத் தாக்குப்பிடிக்கும் வைரஸே மிஞ்சுகிறது.

முறையாக உண்டாலும் சில வேளை எதிர்ப்பு தோன்றக்கூடும். அது நம் கையில் இல்லை. மருத்துவர் சீட்டின்றி வாங்காதிருப்பதும், குழந்தையின் எடைக்கேற்ற அளவை நாளுக்கு இருவேளையாக 5 நாட்கள் முழுமையாகக் கொடுப்பதும் நம் கையில் உள்ளன. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்பதால், மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கவும் கூடாது.

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அந்நிவாரணம் நம் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மருந்துக்கு அடங்காத வைரஸ் நம் பிள்ளையிடமிருந்து அண்டை வீட்டுக் குழந்தைக்குத் தொற்றினால், அக்குழந்தையின் ஹக்கை நாம் பறித்தவர்களாவோம். நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றிடம் கொண்டுவருவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். எனவே காய்ச்சல் கண்ட பிள்ளையை மக்தபுக்கு அனுப்ப வேண்டாம். விடுபட்ட பாடத்தைப் பின்னர் ஓதிக்கொள்ளலாம்.

துஆவும் செய்வோம், மருந்தையும் முறையாகக் கொடுப்போம். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் குழந்தைகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.