உற்றறிவு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துரைக்கின்றது. அவற்றுள் முதற்படியில் நிற்பது உற்றறிவு. அஃதாவது, தொட்டு அறிவது. புல்லுக்கும் மரத்துக்கும்கூட உரிய அறிவு அது. அப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், தொடுவுணர்வு அறிவின் கடைசிப் படி என்பதுபோலச் சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கமாக இருந்தது. அவ்வழக்கத்தைத் திருத்தியது ஒரு பழைய ஜீப்பின் ரப்பர்க் குழாய். எஞ்சினுக்கும் இலக்கணத்துக்கும் என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்கள் வியக்கலாம். உறவு உண்டு. அதற்கு விலை கொடுத்தவர் ஒருவரும் உண்டு.

எம் அத்தா போடிநாயக்கனூரில் ஜீப் ஓட்டிப் பிழைத்தவர். 1945இல் 'மகேந்திரா அண்டு முகம்மது' என்னும் பெயரில் தொடங்கி, 1948இல் 'மகேந்திரா அண்டு மகேந்திரா' எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் வண்டி அது. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆட்களை விடியலில் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, அப்பால் கல்லும் சேறுமாகக் கிடக்கும் தோட்டத்துத் தடங்களில் அது ஊர்ந்து செல்லும்.

சுபுஹுத் தொழுகை முடித்து வந்ததும் அத்தா செய்யும் முதல் வேலை, பானெட்டைத் திறப்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரம் அது. ரேடியேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்ப்பார். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகே நிற்பது நம் வேலை. "நீயும் தொட்டுப் பாருப்பா. கண்ணு ஏமாறும், கை ஏமாறாது" என்பார். புலவர் பட்டம் பெறும் கனவில் இருந்த நாம், கரி படியுமே என்று விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வோம்.

காலம் ஓடியது. அத்தாவின் கண்பார்வை மங்கியது. வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். நாம் கல்லூரி ஆசிரியரானோம். எம்.பில். ஆய்வுக்குத் தோட்டத் தொழிலாளர் பாடல்களை எடுத்துக்கொண்டிருந்த நாம், விடுபட்ட பாடல்களைத் திரட்ட 2014ஆம் ஆண்டில் ஒரு விடுமுறை நாளில் மாணவர் நால்வருடன் அதே ஜீப்பில் மலையேறப் புறப்பட்டோம். அதற்கு முந்திய வாரந்தான் வண்டியைக் கழுவக் கொடுத்திருந்தோம். கழுவியவர்கள் எஞ்சின்மேல் டீசலைப் பீய்ச்சித் துடைத்து அனுப்பியிருந்தார்கள். குழாய்கள் புதியனபோல் கருகருவென்று மின்னின.

திண்ணையில் அமர்ந்திருந்த அத்தா கேட்டார்: "ஹோஸெல்லாம் பார்த்துட்டியாப்பா?"

"பார்த்துட்டேன் அத்தா" என்றோம். பார்த்தது மெய். தொட்டது இல்லை.

பத்து வளைவுகளைக் கடந்திருப்போம். வெப்பமானியின் முள் மேலேறியது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. வண்டியை ஓரங்கட்டினோம். மேல்குழாய் கிளிப்பை ஒட்டிக் கீறி, ஊசிமுனை அளவாக நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. குழாய் முற்றாக வெடித்திருந்தால் உள்ளழுத்தம் தானே நீங்கியிருக்கும். சிறு கீறல் ஆகையால் அழுத்தம் உள்ளேயே நின்றது. 'தண்ணீர் ஊற்றிவிடலாம் ஐயா' என்று சொல்லிக்கொண்டே ஒரு மாணவர் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். தடுக்க வேண்டியவர் நாம். தடுக்கும் அறிவு நமக்கு இல்லை. அழுத்தத்தில் அடைபட்ட நீர், 100 பாகை செல்சியசைக் கடந்த பின்னும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே ஆவியாகிப் பொங்கும். அந்த நீர் அவருடைய வலக்கையை மணிக்கட்டு முதல் முழங்கை வரை சுட்டுவிட்டது.

மேலிருந்து இறங்கிவந்த தோட்டத்து ஜீப் ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். முதலில் மாணவரின் கையில் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றச் செய்தார். பிறகு அவரைத் தம் வண்டியிலேயே ஏற்றி, எம் மாணவருள் ஒருவரைத் துணைக்கு வைத்து மருத்துவமனைக்கு அனுப்பினார். வண்டியை அவருடைய உதவியாளர் ஓட்டிச் சென்றார். எஞ்சின் ஆறும்வரை அவர் எம்முடன் காத்திருந்தார். சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து, கீறலின்மேல் இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினார். நீரை நிரப்பி, அழுத்தம் ஏறாதவாறு மூடியைத் தளர்த்தியே வைத்து, "இறக்கம்தானே சார், மெதுவாப் போயிரலாம்" என்று எம்மை இறக்கிவிட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை அத்தாவும் நாமும் மாணவரின் இல்லத்துக்குச் சென்றோம். அவருடைய தாயார் கோபப்படவில்லை. "உங்களை நம்பித்தானே சார் அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். நாம் வாயடைத்து நின்றோம். அத்தாதான் பேசினார்: "தப்பு எங்க வீட்டுதும்மா. வண்டியைப் பார்க்காம அனுப்பிட்டோம்." தாம் செய்யாத பிழையை அத்தா தம் தலையில் ஏற்றுக்கொண்டதைக் கேட்டு நின்ற நிலையை இன்றும் நினைக்கிறோம். வீடு திரும்பும் வழியில் நடந்ததை ஒப்புக்கொண்டோம். அத்தா சினக்கவில்லை. "நீ பார்த்தே. தொடலை" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பாடம் தொடங்கியது. அத்தா நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல நாம் செய்தோம். நல்ல குழாயை அமுக்கினால் உறுதியோடு சற்றே அமுங்கி, விட்டதும் மீள வேண்டும். கனிந்த வாழைப்பழம்போல் குழைந்தால் உள்ளே கெட்டுவிட்டது. விறைத்து, அமுக்கும்போது நொறுநொறுத்தால் சூட்டில் வெந்துவிட்டது. ஓரிடத்தில் புடைத்தாலும், பிசுபிசுத்தாலும் ஆகாது. கிளிப்பை அடுத்த இரண்டு அங்குலத்தை விழிப்பாகத் தொட வேண்டும். கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கீழ்க்குழாய் நீர் இறைப்பானின் உறிஞ்சலில் ஒட்டிப்போகாதிருக்கச் சில வண்டிகளில் உள்ளே சுருள்கம்பி இருக்கும். அது துருப்பிடித்து ஒடிந்ததா என்பதையும் விரலே சொல்லும். மலைத்தடத்தில் எஞ்சின் குலுங்கும். ரேடியேட்டரோ சட்டத்தோடு இறுகி நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட குழாய்தான் ஒவ்வொரு குலுக்கலையும் தாங்குகிறது. தாழ்ந்த கியரில் மெல்ல ஏறும்போது எதிர்க்காற்றும் குறைவு, சூடு மிகுதி. ஆகவே சமவெளியில் ஓடும் வண்டியைவிட மலைவண்டிக்கு இச்சோதனை அடிக்கடி வேண்டும்.

நீரை வடித்தோம். பழைய குழாயை நெம்பி இழுக்க முயன்றபோது அத்தா தடுத்தார். ரேடியேட்டரின் கழுத்து மெல்லிய பித்தளை, நெம்பினால் நெளிந்துவிடும். பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தோம். கழுத்தில் படிந்த உப்பையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்தோம். புதிய குழாயின் உள்வாயைச் சோப்பு நீரால் நனைத்து ஏற்றினோம். எண்ணெயோ கிரீசோ தடவக் கூடாது. கழுத்தின் விளிம்பு மேட்டைத் தாண்டிக் குழாய் ஏறியபின், மேட்டுக்குப் பின்னால் கிளிப்பை வைத்துத் திருப்புளியால் முறுக்கினோம். மிகையாக முறுக்கினால் கிளிப்பே ரப்பரை அறுத்துவிடும். நீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை காத்திருந்தோம். முழுதும் ஆறியபின் கிளிப்புகளை மறுபடி சரிபார்த்தோம். அத்தா எழுந்து வந்து, மங்கிய கண்களோடு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்து, "சரி" என்றார்.

உரித்தெடுத்த பழைய குழாயை விரித்துப் பார்த்தோம். வெளிப்புறம் மின்னியது. உட்புறம் வறண்ட குளத்துத் தரைபோல் நீளநீளமாக வெடித்திருந்தது. குளிர்நீரும் எஞ்சினின் உலோகங்களும் சேர்ந்து எழுப்பும் நுண்ணிய மின்னோட்டமும் இத்தகைய வெடிப்புகளை உள்ளிருந்தே உண்டாக்கும் என்று பின்னர் அறிந்தோம். மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கலாம் என்று 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். இன்றைய ரேடியேட்டர்க் குழாய்களோ பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. வெப்பத்தைத் தாங்குமேயன்றி எண்ணெயைத் தாங்கா. ஆகவே, நாம் கண்டு மகிழ்ந்த அந்த டீசல் பளபளப்பே கேட்டின் ஒரு பங்கு.

அத்தா 2019இல் இறையடி சேர்ந்தார். கைச்சுட்ட மாணவர் இன்று தமிழாசிரியர். முழங்கையருகே தழும்பு மட்டும் உண்டு. சந்திக்கும்போது நாம் அதனைப் பார்ப்பதைக் கண்டு அவரே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார். அந்தப் பெருந்தன்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது மரபியல் நடத்தும்போது உற்றறிவை விரைந்து கடப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பேட்டையும் ஆண்டுதோறும் அமுக்கிப் பார்க்கிறோம். எங்கே குழைந்திருக்கிறது, எங்கே விறைத்திருக்கிறது என்று. மாணவர் ஒருவர் 'நன்றாக இருக்கிறேன் ஐயா' என்று சொல்லிவிட்டுப் போனாலும், அருகே அழைத்துத் தோளில் கைவைத்து இன்னொரு முறை கேட்கிறோம்.

மாணவச் செல்வங்களே, 'பார்த்துவிட்டாயா?' என்று உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்கும் நாள் வரும். விடை சொல்லுமுன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.