தக்காளித் தொக்கும் தொகைநிலையும்

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுத் தருக என்றால் முதலாண்டு மாணவர் அனைவரும் ஒரே குரலில் “ஊறுகாய்” என்பர். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் விரித்துக் காட்டியதும் வகுப்பில் சிறுநகை எழும். நண்பகல் உணவுவேளை நெருங்கியிருக்குமாயின் அது பெருநகையாகும். காலத்தைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கும் அப்பண்டத்தின் உடன்பிறப்பே தொக்கு. உருபு தொக்கு நிற்கும், உவமை தொக்கு நிற்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவரும் எமக்கு, அடுப்பில் நீர் வற்றித் திரளும் தக்காளியைக் காணுந்தோறும் அவ்விலக்கணமே நினைவுக்கு வருகின்றது. தெலுங்கில் தொக்குதல் என்பது மிதித்தல். இடித்துச் செய்யும் துவையலுக்கும் அங்கு அப்பெயர் உண்டு. ஆதலின் இச்சொல் அங்கிருந்தும் வந்திருக்கலாம். மொழியியல் அறிஞர் எம் விளையாட்டைப் பொறுத்தருள்க.

பெயர்தான் இவ்வாறு என்றால் பண்டமும் வந்தேறியே. தக்காளி தென்அமெரிக்க மண்ணில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்று, போர்ச்சுகீசியர் வாயிலாக நம் நாட்டை அடைந்ததென்பர். அதற்கு முன்னரும் தமிழில் தக்காளி என்னும் சொல் இருந்தது. ஆனால் அது வேறொரு சிறுகனியைக் குறித்தது. மணத்தக்காளி என்று நாம் இன்றும் கீரைக்காரியிடம் கேட்டு வாங்குவதில் அப்பழைய வழக்கின் சுவடு உள்ளது. புதிதாய் வந்ததைச் சீமைத்தக்காளி என்றனர். காலப்போக்கில் சீமை உதிர்ந்துவிட, விருந்தாளியே வீட்டுக்காரரானார். குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் இளமனைவி கணவனுக்குச் சமைத்தது புளிக்குழம்பே. தக்காளியை அவள் கண்டதில்லை.

அங்காடியில் குப்பியில் அடைத்து விற்கும் ‘கெச்சப்’பின் கதையும் இத்தகையதே. தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் மீனை உப்பிலிட்டு எடுத்த சாற்றைக் குறித்த சொல் மலாய் நாட்டில் ‘கிச்சாப்’ ஆகி, ஆங்கிலேயர் நாவேறி மேற்றிசை சென்றது. 1812ஆம் ஆண்டில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மீஸ் என்னும் மருத்துவர் தக்காளியைக் கொண்டு அதனைச் செய்யும் முறையை அச்சிட்டார். மீன் போய்ப் பழம் வந்தது. பெயர் மட்டும் நின்றது. இன்றைய பிள்ளைகள் தோசைக்கும் அதனையே தொட்டுக்கொள்வதைக் காண்கின்றோம். காண்பதோடு சரி, அதனை ஏற்க எம் நாவுக்கு இயலவில்லை.

எம் ஊர் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அண்மையது. தக்காளியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அவ்வூர்க் கமிசன் மண்டிகளில் பார்த்தே வளர்ந்தோம். 2023 சூலையில் கிலோ நூறு ரூபாயைக் கடந்ததும், சென்னையில் நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றதும் பலருக்கும் நினைவிருக்கும். அதனினும் கொடிது அதன் மறுதலை. வரத்து மிகுந்த நாள்களில் பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் விலை கட்டாமல், உழவர் கூடைகூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவர். ஆடுமாடுகள் மேய்ந்தது போக எஞ்சியது வெயிலில் அழுகும். அத்தகைய வாரத்தில் தொக்குக் கிளறாத வீடு கணக்குத் தெரியாத வீடு என்பது எம் அம்மாவின் தீர்ப்பு.

மூன்று கிலோ பழத்துக்கு உரிய அளவுகளை ஈண்டு எழுதிவைக்கின்றோம். கைப்பக்குவம், கண்ணளவு என்று பெருமை பேசியே எத்தனையோ குறிப்புகளை இழந்துவிட்டோம் என்பது எம் கருத்து. அம்மா “ஒரு கை” என்றபோதெல்லாம் அக்கையின் கீழே தராசுத் தட்டை வைத்து யாம் நிறுத்துக் குறித்தவை இவை. நன்கு பழுத்த நாட்டுத் தக்காளியே வேண்டும். தடித்த தோலுடைய பெங்களூர்த் தக்காளியில் புளிப்புக் குறைவு. பிற யாவும் அஞ்சறைப் பெட்டியிலும் அடுக்களைத் தட்டிலும் என்றும் இருப்பவை: நல்லெண்ணெய் 300 மில்லி, மிளகாய்த்தூள் 60 கிராம், உப்பு 60 கிராம், கொட்டை நீக்கிய புளி 50 கிராம், கடுகும் வெந்தயமும் வறுத்துப் பொடித்தது இரண்டு தேக்கரண்டி, மஞ்சள், பெருங்காயம், நெல்லிக்காயளவு வெல்லம். பூண்டு மணம் தரும். எனினும் நெடுநாள் வைப்புக்கு அம்மா அதனைச் சேர்ப்பதில்லை.

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீரே. கிருமி வாழ்வதற்கு அந்நீர் வேண்டும். ஆகவே தொக்குக் கிளறுதல் என்பது நீரை வெளியேற்றும் வேலை. பழத்தைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, நறுக்கிப் புளியோடு வேகவிட்டு, ஆறியபின் அரைத்துக்கொள்ள வேண்டும். அடிகனத்த எவர்சில்வர் பாத்திரமோ ஈயம் பூசிய பித்தளையோ நன்று. அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். எண்ணெயில் பாதியைக் காயவைத்துக் கடுகு தாளித்து, விழுதை இட்டுச் சிறுதீயில் கிளறுக. முதல் அரைமணி அது அமைதியாகக் கொதிக்கும். கெட்டிப்படத் தொடங்கியதும் குமிழியிட்டுத் தெறிக்கும். முழங்கையில் பட்டால் தழும்பு நிற்கும். நீண்ட காம்புடைய மரக்கரண்டி கைக்கொண்டு, எட்டி நிற்றல் அறிவுடைமை. உப்பையும் மிளகாய்த்தூளையும் விழுது சுருங்கிய பின்னரே இட வேண்டும். முன்னரே இட்டால் வற்றியபின் உப்புக் கரிக்கும், தூளும் அடிப்பிடித்துக் கருகும். எஞ்சிய எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு, இறுதியில் பொடியும் வெல்லமும் சேர்க்க. ஒரு துளியைத் தட்டில் வைத்தால் சுற்றிலும் நீர்வளையம் படரக் கூடாது. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்க வேண்டும். மூன்று கிலோ ஒரு கிலோவாகக் குறைந்திருக்கும். வெயிலில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, மேலே ஒரு விரல் எண்ணெய் நிற்கவிட்டால் காற்றுப் புகாது.

எம்மவர் திருமண விருந்துகளில் பிரியாணிக்குத் துணையாக வரும் தக்காளி இனிப்பு வேறு. அதில் சீனியும் பேரீச்சையும் முந்திரியும் சேரும். அது ஒருவேளைப் பண்டம், பயணத்துக்கு ஆகாது.

எம் அத்தா 1985 முதல் 1998 வரை சவூதி அரேபியாவின் தம்மாமில் பண்டகக் காப்பாளராக இருந்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பு. புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே எம் வீட்டில் தக்காளிக் கூடை வந்திறங்கும். “டேய், அத்தாவுக்குப் போற பாட்டில்; ஈரக்கை படக் கூடாது” என்று அம்மா எம்மை விரட்டுவார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, பழைய வேட்டித் துணியால் பொதிந்து பெட்டியின் நடுவில் வைப்பார். எண்மர் தங்கிய அறையில் குப்பூசுக்கும் சோற்றுக்கும் அதுவே துணை. “தொக்குப் பாதி இருக்கிறது” என்று கடிதம் வந்தால் அம்மா முகம் மலர்வார். “தீர்ந்தது” என்று வந்தால் நாட்காட்டியைப் பார்ப்பார்.

1990ஆம் ஆண்டின் இறுதியில், ஊருக்கு வந்து திரும்பிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கையில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினோம். மறுமாதமே போர் மூண்டது. தம்மாமை அடுத்த தஹ்ரான் மீது ஏவுகணைகள் விழுந்த செய்தியை வானொலியில் கேட்டோம். ஐந்து வாரத்துக்கும் மேலாகக் கடிதம் இல்லை. அம்மா அடுப்பை மூட்டுவார், உலை வைப்பார், எதுவும் பேசமாட்டார். பின்னர் ஒலிநாடா ஒன்று வந்தது. நலம் கேட்டு முடித்தபின் அத்தா சொன்னார்: “கடைக்குப் போகல. அரிசி இருந்துச்சு, உன் தொக்கு இருந்துச்சு. எட்டுப் பேரும் தின்னோம்.” அவ்விடத்தை மட்டும் அம்மா திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டதில் நாடா தேய்ந்து, இறுதியில் அவ்வொரு தொடர் மட்டும் கரகரத்தது.

விடுப்பில் வருந்தோறும் அத்தா பாட்டிலைக் கழுவித் துடைத்து, அதே வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிடுவார். பாட்டில் கிடைக்காத நாடா அது என்று உறவினர் நகைப்பர். பதின்மூன்று ஆண்டுகளில் ஏழு போயின, ஆறு திரும்பின. ஏழாவதைப் பற்றி அம்மா இன்றும் கேட்பதுண்டு. தாம் ஊர் திரும்பிய அன்று அறைக்குப் புதிதாய் வந்துசேர்ந்த தஞ்சைப் பையன் சோற்றை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றும், மீதியிருந்த தொக்கோடு அவனிடம் கொடுத்துவிட்டதாகவும் அத்தா கூறுவார். “மூடியாவது வாங்கியிருக்கலாம்” என்பார் அம்மா.