எடுக்கிறது ஈஸி

முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் 'வி' ஃபிட்டிங் போட்டது ஞாபகம் இருக்கா? நான் அரத்தால் ஓவராக ராவித் தள்ளி, இரண்டு பீஸுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "தம்பி, எடுக்கிறது ஈஸி. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது"ன்னு சார் சொன்னார்.

மூணு வருஷம் கழித்து அந்த வார்த்தை என் மூக்கில் வந்து நின்றது.

என் மூக்கு நடுவில் ஒரு மேடு. ஹாஸ்டலில் என் பெயரே 'கிளி'. பிளேஸ்மென்ட்டுக்கு ஃபோட்டோ எடுத்த அன்றைக்கு முடிவு பண்ணினேன்: முதல் சம்பளத்தில் ரைனோபிளாஸ்டி. எப்படித்தான் செய்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன்.

பார்த்தால், பாதி நம்ம ஒர்க்‌ஷாப் டூல்ஸ்! எலும்பை ராவ ராஸ்ப், அதாவது அரம். வெட்ட ஆஸ்டியோடோம், உளி மாதிரி வைத்து, சின்ன சுத்தியலால் தட்டுவார்கள். இப்போது பீஸோ கருவியும் உண்டு. அல்ட்ராசானிக் அதிர்வில் எலும்பை வெட்டும், பக்கத்துச் சதைக்குச் சேதம் குறைவு.

மேட்டை எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இல்லைங்க. பெரிய மேட்டை எடுத்தால், ஓடு பிரித்த வீடு மாதிரி மூக்கின் மேல்பக்கம் திறந்துவிடும். அதை மூட இரண்டு பக்க எலும்பையும் வெட்டி உள்ளே நகர்த்தணும். ரொம்ப நகர்த்தினால் மூச்சுப் பாதை குறுகும். முட்டுக் கொடுக்க, மூக்கின் நடுச்சுவரிலிருந்தே குருத்தெலும்பை வெட்டி எடுப்பார்கள். ஆனால் மேலேயும் முன்னாலேயும் 'எல்' வடிவில் குறைந்தது 1 செ.மீ. அகலப் பட்டையை விட்டுவைக்கணும். நம்ம பாஷையில் அதுதான் பீம், அதுதான் தூண். அது பலவீனமானால் மூக்கு நடுவில் அமுங்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும் வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகலாம்.

அம்மாவிடம் சொன்னேன். "மூச்சு நல்லா விடுறியா?" "விடுறேன்." "அப்புறம் என்னடா?" எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவை யாரும் 'கிளி'ன்னு கூப்பிடலையே!

ஆசை இன்னும் போகலை. ஆனால் டாக்டரிடம் கேட்க நினைத்த கேள்வி மாறிவிட்டது. "எவ்வளவு எடுப்பீங்க?" இல்லை; "எவ்வளவு விட்டுவைப்பீங்க?"

உங்களிடமும் ஒன்று சொல்லணும். நீங்க சிரிச்சிட்டே வைக்கிற பட்டப்பெயர், ஒருத்தனை உளி வரைக்கும் யோசிக்க வைக்கும். அதுவும் எடுக்க முடியாததுதான். பார்த்து வைங்க.