விரல் போதாதா, மிஸ்?

ஜூலை 7, ஞாயிறு

ஓவிய வகுப்பு முடிந்து பிள்ளைகள் மாடிப்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம், கிருஷ்ணாபுரத்திலிருந்து வரும் அக்கா மட்டும் கிளம்பாமல் நின்றார். மகள் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு போனஸ் வந்ததில் டேப்லெட் வாங்கியாகிவிட்டது. அதில் வரையப் பேனாவும் வாங்க வேண்டுமாம். "முன்னூறு ரூபாய்க்கும் இருக்கு, எட்டாயிரத்துக்கும் இருக்கு. ரெண்டும் ஸ்டைலஸ்னுதான் போட்டிருக்கான். எது டீச்சர் வாங்கறது?" நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டாள்: "விரல் போதாதா, மிஸ்?"

கேட்கும் தகுதி அவளுக்கு உண்டு. இரண்டு வருடமாக அப்பாவின் பழைய போனில் ஐபிஸ்பெயின்ட் செயலியில் ஆள்காட்டி விரலால் வரைகிறவள். இன்று ஒன்று காட்டினாள்: அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர். முகத்தில் கண்ணே இல்லை. தூக்கிய கை, இறங்கிய கை, நடுவில் ஒரு பழுப்புக் கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டின் வளைவில் டீ சூடாக இருந்தது.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். முன்னூறு ரூபாய்ப் பேனாவைப் பற்றி மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை. கண்ணாடித் திரை தொடுதலை அறிவது மின்னூட்டத்தால். விரல் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் திரையின் அடியில் இருக்கும் நுண்கம்பி வலைக்கு அங்கே ஏதோ மாறியது தெரிகிறது. ஊசிமுனை தொட்டால் தெரியாது. விரல் அளவுக்குப் பரப்பு வேண்டும். அதனால்தான் மலிவுப் பேனாவின் முனையில் ரப்பர் குமிழோ, துணியோ, ஒரு பிளாஸ்டிக் வட்டோ இருக்கிறது. அதுவும் ஒரு விரல்தான், உணர்ச்சியில்லாத விரல். அழுத்தினால் கோடு தடிக்காது. உள்ளங்கையைத் திரையில் வைத்தால் அங்கேயும் ஒரு கோடு விழும். காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

பாடநூல் துணைப் புத்தகம் ஒன்றுக்கு நான் வரைந்த படங்கள் திருத்தத்துக்குத் திரும்பி வந்தன. பசு வெள்ளையாக வேண்டாம், செவலையாக இருக்கட்டும். பையன் காலில் செருப்பு வேண்டாம், கோயில் காட்சி. பாட்டி இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டும். பாட்டியை எவ்வளவு சிரிக்க வைப்பது என்று எடிட்டர் சொல்லவில்லை.

காகிதத்தில் வரைந்த காலத்தில் இந்த மூன்றும் ஒரு முழுநாள். போஸ்டர் ஒயிட் பூசிக் காயவிட்டு அதன் மேல் வரைவது, இல்லாவிட்டால் வேறு தாளில் வரைந்து வெட்டி ஒட்டுவது. இன்று திரையில் பசு ஓர் அடுக்கு, பையன் ஓர் அடுக்கு, பாட்டியின் வாய்கூடத் தனி அடுக்கு. சாப்பாட்டுக்கு முன் அனுப்பிவிட்டேன். பேனாவின் பயன் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் நேர்மையாக இதைத்தான் சொல்ல வேண்டும்: எடிட்டருக்குப் பயன். இந்த வேலையை விரலாலும் செய்யலாம், ஆனால் பாட்டியின் உதட்டோரத்தில் கோடு போடும்போது விரலே அந்த உதட்டை மறைத்துவிடும். பேனா முனைக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வரைய முடிகிறதே, எட்டாயிரம் ரூபாயில் பாதி அதற்கே போகட்டும்.

மீதிப் பாதி உள்ளங்கைக்கு. நல்ல பேனா தானாகவே சமிக்ஞை அனுப்பும், அல்லது வேக்கம் நிறுவனத்தின் முறையில், திரைக்கடியில் இருந்து வரும் மின்காந்த அலையை வாங்கித் திருப்பி அனுப்பும். இந்த இரண்டாவது வகைக்கு பேட்டரியே வேண்டாம். எது பேனா, எது கை என்று திரைக்குத் தெரிவதால், கையைத் தாராளமாக வைத்துக்கொண்டு வரையலாம். தாராளம் என்பது குளிர்ந்த ஊரில் சரி. அம்பத்தூர் ஜூலையில் கை கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. கோட்டை இழுத்தால் பாதியில் தோல் பிடித்துக்கொண்டு, கோடு ஒரு குதி குதிக்கும். கடையில் இரண்டு விரலுக்கு மட்டுமான கையுறை விற்கிறார்கள். என்னிடம் இருப்பது பழைய பருத்தி சாக்ஸ்: பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, மேல்பாகத்தில் ஓர் ஓட்டை போட்டு, சுண்டுவிரலை நுழைத்து மணிக்கட்டு வரை இழுத்துவிட்டால் முடிந்தது. வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். இது எந்த விளம்பரத்திலும் வராது.

ஜூலை 13, சனி

கீழ்வீட்டு மாமாவோடு பெரிய வாக்குவாதம். அவர் ஆவடி எச்.வி.எஃப்பில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்த தொழிற்சாலை. இவர் சேர்ந்தது அதற்குப் பிறகு, ராட்ரிங் பேனாவும் டிரேசிங் பேப்பரும் அம்மோனியா நெடியடிக்கும் பிரின்ட்டுமாக வேலை நடந்த காலம். மைக்கோடு தப்பினால் பாதி பிளேடால் மெல்லச் சுரண்டி எடுப்பார்களாம். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் மறுபடி கோடு. இல்லாவிட்டால் மை பரவிவிடும்.

இப்படிப்பட்டவர் டேப்லெட்டைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குப் பேனாவில் ஒரு குறையும் தெரியவில்லை. என் பேனாவை வாங்கி நாலு கோடு போட்டுப் பார்த்து, "நம்ம பாயின்ட் த்ரீ மாதிரியே போகுதே" என்றார். பிறகு என் இரண்டு விரல்கள் திரையில் விரிவதைப் பார்த்து முகம் மாறியது.

"அது என்னம்மா பண்றே?"

"பெரிசாக்கறேன் மாமா. கண் வரையணும்."

"எவ்வளவு பெரிசு?"

தெரியவில்லை. யார் பார்க்கிறார்கள்?

"நாங்களும் பெரிசாக்குவோம். ஆனா அந்த இடத்துல வட்டம் போட்டு, டீடெயில் ஏ, ஸ்கேல் ரெண்டுக்கு ஒண்ணுன்னு பக்கத்துலயே எழுதி வெப்போம். எவ்வளவு உள்ளே போயிருக்கோம்னு தாள்லயே இருக்கும். நீ கேணிக்குள்ள இறங்கற மாதிரி இறங்கிண்டே போறே, எத்தனை படின்னு கணக்கே இல்லே."

நான் விடவில்லை. சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாக உட்கார்ந்து சிற்பங்களை வரைந்தாரே, அந்த நகைகளில் ஒவ்வொரு மணியும் எண்ணக் கிடைக்குமே, நுணுக்கம் தப்பா என்று கேட்டேன். "நுணுக்கம் தப்புன்னு யார் சொன்னா? அவர் தாள் அசையலியே!" என்றார். தாள் இருந்த இடத்தில் இருந்தது, சிலை இருந்த இடத்தில் இருந்தது. மணியைப் போடும்போதே தோளும் இடுப்பும் கண்ணுக்குள் இருந்தன. திரையில் மணியைப் போடும்போது மணி மட்டும்தான் இருக்கிறது.

பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன். பேனா, தாள், கண்ணாடி என்பதெல்லாம் ஓரளவுக்குத்தான். ஓவியர் கோபுலுவுக்குப் பக்கவாதத்தில் வலக்கை போனபோது இடக்கையால் வரையப் பழகினார். கருவி மாறுவதைவிட அது எவ்வளவு பெரிய மாற்றம்! மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அவருக்குப் படம் தலையில இருந்தது. குழந்தைகளுக்கு இன்னும் அங்கே வரலியே" என்று எழுந்து போய்விட்டார். மாமியின் சீரியல் நேரம் வேறு.

ஜூலை 14, ஞாயிறு

மாமா சொன்னது வகுப்பிலேயே தெரிந்தது. டேப்லெட்டும் நல்ல பேனாவுமாக வரும் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு முகம் வரையச் சொன்னேன். பிள்ளை முக்கால் மணி நேரம் இமைமயிர் வரைந்தான். ஒவ்வொரு மயிரும் அடியில் தடித்து முனையில் மெலிந்து, அழுத்தம் அறியும் பேனாவுக்கு விளம்பரம் போல. திரையைச் சுருக்கியபோது இரண்டு கண்களும் வேறு வேறு ஆட்களுடையவை. கிருஷ்ணாபுரத்துப் பெண் விரலால் முகத்தை முடித்து, முகத்துக்குப் பின்னால் ஜன்னலையும் போட்டு, ஜன்னலில் காக்காயையும் வைத்துவிட்டாள்.

இதை வைத்து விரல்தான் உசத்தி என்று முடிவு கட்ட மாட்டேன். அவளுக்கும் இரண்டு விரலால் பெரிதாக்கத் தெரியும். ஆனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விரல் மறைப்பதால் உள்ளே போய்ப் பிரயோஜனமில்லை. தானாக வெளியே வந்துவிடுகிறாள்.

அக்காவிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 17, புதன்

சி.டி.எச். ரோடு ஃப்ளெக்ஸ் கடையில் மஞ்சள் நீராட்டு விழா பேனர் ஒன்றுக்காக (தங்கச்சி வீட்டு விசேஷம்) ஒரு மணி நேரம் உட்கார நேர்ந்தது. ஆடி பிறந்துவிட்டது, கூழ் ஊற்றும் பேனர்களாகப் பிரின்ட்டர் துப்பிக்கொண்டே இருந்தது. டிசைனர் தம்பி கோரல் டிராவில் மௌஸை வைத்து அம்மன் முகத்தை இழைக்கிறார். ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி, நடுவில் கோட்டைப் பிடித்து வளைப்பது. மூக்கு நுனிக்கு மூன்று புள்ளிகள் போதும் என்கிறார். நாலாவது வைத்தால் மூக்கு உடைந்துவிடுமாம். பேனாவே இல்லாத அந்தக் கருவிக்குப் பெயர் பென் டூல்.

ஸ்டைலஸ் இருந்தால் சுலபமாக இருக்குமே என்றேன். "எதுக்குக்கா? கை நடுங்கினா கோடும் நடுங்கும். மௌஸ்ல நடுக்கமே வராது." அவர் வரைவதே இல்லை, கட்டுகிறார். இருபதடி பேனருக்கு இழுத்தாலும் அந்தக் கோடு பிசிறாது. இதே ரோட்டில் முன்பு பலகை எழுதியவர்களின் தூரிகை வேலையை ஃப்ளெக்ஸ்தான் சாப்பிட்டது. அந்த வருத்தம் எனக்கு உண்டு, ஆனால் அதை இந்தத் தம்பி தலையில் போட முடியாது. அவர் கைக்கு மௌஸ் சரி.

ஜூலை 19, வெள்ளி

பூந்தமல்லி. பார்வையற்ற குழந்தைகளுக்குத் தொட்டுப் பார்க்கும் படப்புத்தகம் செய்யலாமா என்று ஒரு நண்பர் கேட்டதால், அங்கே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பார்க்கப் போனேன். அரசுப் பார்வையற்றோர் பள்ளியும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிற ஊர், பிரெய்ல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

அந்த அம்மா எனக்கு முன்னால் பிரெய்ல் சட்டத்தைத் திறந்து தடித்த தாளைச் செருகி, குமிழ்ப் பிடி வைத்த சிறு ஊசியால் குத்தத் தொடங்கினார். பிரெய்ல் எழுதுகிறவர்களுக்கு ஸ்டைலஸ் என்றால் இதுதான். வலமிருந்து இடமாகக் குத்துகிறார், ஏனென்றால் புள்ளி எழும்புவது தாளின் மறுபக்கத்தில். திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ஒவ்வொரு குத்துக்கும் டப் டப் என்று சத்தம். கண்ணாடித் திரையில் எட்டாயிரம் படிநிலை அழுத்தம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் கண்ணாடி அசைந்து கொடுக்காது. இங்கே தாள் வாங்கிக்கொள்கிறது.

நான் கொண்டுபோன மாதிரிப் படத்தில் யானைக்கு நெற்றிப்பட்டமெல்லாம் போட்டிருந்தேன். அதன்மேல் கோந்தால் கோடுகளைப் புடைக்க வைத்திருந்தேன். விரலால் தடவிப் பார்த்தார். தும்பிக்கையில் விரல் நின்றது, புரிந்தது. நெற்றிக்கு வந்ததும் "இங்க என்னமோ கொசகொசன்னு இருக்கு, எடுத்துடுங்க" என்றார். பிரெய்ல் எழுத்துக்குள்ளேயே புள்ளிக்கும் புள்ளிக்கும் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். அதைவிட நெருங்கினால் விரல்நுனிக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். காது, தும்பிக்கை, நாலு கால், வால். மீதி எல்லாம் என் ஆசை.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பையனின் இமைமயிர் நினைவுக்கு வந்தது.

ஜூலை 20, சனி

இரவு. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்தும்போது ஸ்டீவ் ஜாப்ஸ் ஸ்டைலஸைக் கிண்டல் செய்தார். பிறக்கும்போதே நமக்குப் பத்து விரல் இருக்கிறதே என்பது அவர் வாதம். 2011இல் சாம்சங் நோட் பேனாவோடு வந்தது, 2015இல் ஆப்பிளே பென்சில் விற்றது. அன்றிலிருந்து அவரைக் கேலி பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கென்னவோ அவர் சொன்னது சரி என்றே படுகிறது. அவர் பேசியது போனில் பட்டனைத் தொடுவதைப் பற்றி. பாட்டியின் உதட்டைத் திருத்துவது பற்றி இல்லை.

ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயதுக்கு மேல் ஐபோனில் கட்டைவிரலால் பூக்கள் வரைந்து காலையில் நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 2009இல் நியூயார்க்கர் பத்திரிகையின் அட்டைப்படம் ஒன்றை ஹோர்ஹே கொலம்போ ஐபோனில் விரலாலேயே வரைந்தார். இரண்டு பேருக்கும் ஒரே செயலி, பிரஷஸ். ஹாக்னி பின்னால் ஐபேடுக்கு வந்தபோது பேனாவும் கைக்கு வந்தது. ஆனால் அவர் அதற்குள் அரை நூற்றாண்டு வரைந்து முடித்தவர். பெரிதாக்கி உள்ளே போனாலும் திரும்பி வர வழி தெரிந்தவர்.

ஆக, மாமாவும் பூந்தமல்லி அம்மாவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மெல்லிய முனை உள்ளே கூப்பிடும். போகலாம், ஆனால் மொத்தம் கையில் வந்த பிறகு.

ஜூலை 21, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன். முன்னூறு ரூபாய்ப் பேனா வேண்டாம். எட்டாயிரம் ரூபாய்ப் பேனாவும் இப்போது வேண்டாம். வாங்கும் நாள் வந்தால், அந்த டேப்லெட் எந்தப் பேனாவை ஏற்கும் என்று முதலில் பார்க்க வேண்டும், ஒன்றின் பேனா பெரும்பாலும் இன்னொன்றில் வேலை செய்யாது. ஆப்பிளிலேயே 2023இல் வந்த மலிவுப் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. யாராவது காசு கொடுத்து இவளைப் படம் கேட்டு, அதில் திருத்தமும் கேட்டால், அன்றைக்கு வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

அதுவரை? அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் ஓவியம் லோயர் இவளை எழுத வைக்கலாம் என்றிருக்கிறேன். அது தாளில்தான். கார்ட்ரிட்ஜ் தாள் ஒரு கட்டு, 2பி பென்சில், ரப்பர் வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். போனில் விரலால் வரைவதை நிறுத்தச் சொல்லவில்லை.

மகளுக்கு இதில் பாதிதான் திருப்தி. "திருத்தம் கேட்டாதான் பேனாவா மிஸ்? அப்ப டீக்கடைக்காரர் கிட்ட காட்டி, ஏதாவது மாத்தச் சொல்லச் சொல்றேன்" என்றாள். அக்கா தலையில் ஒரு தட்டுத் தட்டி, "மொதல்ல செருப்பப் போடு, பஸ் போயிடும்" என்று இழுத்துக்கொண்டு இறங்கினார்.